கருக்கிட்டா ஸ்ட்ராங்கா? ஒரு காபிக் கடுப்பு

தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு வார்த்தையை ஆறு மாசத்துக்குத் தடை பண்ணிக்கலாம்னு எனக்கு அதிகாரம் குடுத்தா, நான் கை வைக்கப் போற வார்த்தை "ஸ்ட்ராங்". காபிக்கு முன்னால வர்ற ஸ்ட்ராங்கைத்தான் சொல்றேன். சிமெண்ட் விளம்பரத்துல வர்றது இருந்துட்டுப் போகட்டும்.

"நல்லா ஸ்ட்ராங்கா ஒரு காபி"ன்னு கேக்கறோமே, அதுல என்னதான் கேக்கறோம்? டிகாக்ஷன் தூக்கலா இருக்கணுமா? கலர் கறுப்பா இருக்கணுமா? நாக்குல கசப்பு நிக்கணுமா? இல்ல, ராத்திரி ரிலீஸுக்குத் தூங்காம முழிச்சிருக்கணுமா? நாலும் நாலு வேற சமாச்சாரம் சாமி. முதலாவது எவ்வளவு தூளுக்கு எவ்வளவு தண்ணிங்கற கணக்கு. ரெண்டாவது பெரும்பாலும் சிக்கரி குடுக்கற கலர். மூணாவது பெரும்பாலும் வறுவல். நாலாவது கொட்டையோட ஜாதி, ரொபஸ்டாவுல கஃபீன் அராபிகாவை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நாலு வேரியபிளுக்கும் ஒரே பேரை வச்சு கோட் எழுதிட்டு, அவுட்புட் தப்பா வருதேன்னு தலையில அடிச்சுக்கிட்டா எப்படி?

இந்த நாலுல யாருமே சீண்டாத அனாதைப் பிள்ளை வறுவல். அதுக்கு வக்காலத்து வாங்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன மாசம் காஞ்சிபுரத்துல ஒரு காபித்தூள் கடைக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம், நான் போன முக்கால்வாசிக் கடையில இதே வசனம்தான்.

"எவ்ளோ தம்பி?"

"கால் கிலோண்ணா."

"பீபெரியா, ஏவா, மிக்ஸா?"

"ஏ குடுங்கண்ணா."

"சிக்கரி எத்தினி? எண்பது இருபதா, எழுபது முப்பதா?"

"சிக்கரி வேணாம்ணா. வறுவல் என்ன பதம்?"

"வறுவலா? நல்ல வறுவல்தான் தம்பி."

"இல்லண்ணா, மீடியமா டார்க்கா?"

"ஸ்ட்ராங்கா இருக்கும் தம்பி, பயப்படாம எடுத்துனு போ."

அவர் மேல எனக்குத் துளி கோவம் இல்ல. அவர் கடை வச்ச நாள்ல இருந்து அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. கேக்காத கேள்விக்கு மனுஷன் எதுக்குப் பதில் தயார் பண்ணி வைக்கணும்?

ஆனா அவர் கேட்டதெல்லாம் என்னன்னு பாருங்க. பீபெரின்னா காய்க்குள்ள ரெண்டு பருப்புக்குப் பதிலா ஒத்தைப் பருப்பா உருண்டு கிடக்கறது. பிளான்டேஷன் ஏ-ன்னா தோலை எடுத்து, நொதிக்க வச்சு, கழுவிக் காய வச்ச அராபிகாவுல பெரிய சைஸ். ரெண்டுமே விதை பத்தின தகவல். எண்பது இருபது, கலவை பத்தின தகவல். அந்த விதையை நெருப்புல வச்சு என்ன பண்ணினாங்கங்கறதுக்கு ஒரு வார்த்தை கிடையாது. சட்டை வாங்கப் போனா பட்டன் எந்தக் கம்பெனி, நூல் எந்த ஊர்னு எல்லாம் சொல்லிட்டு, சைஸ் மட்டும் சொல்லாம பார்சல் கட்டிக் குடுக்கற கதை.

சரி, மேட்டருக்கு வருவோம். வறுவல் ஏன் இவ்வளவு முக்கியம்?

பச்சைக் காபிக் கொட்டையை மோந்து பாத்திருக்கீங்களா? காபி வாசனையே இருக்காது. புல்லு மாதிரி, பச்சைப் பட்டாணி மாதிரி ஒரு வாடை. நாம காபின்னு நினைக்கற வாசனை மொத்தமும் வறுக்கற அந்தப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல பிறக்குது. முதல்ல கொட்டைக்குள்ள இருக்கற 10-12 சதவீத ஈரம் போகும். மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும், அப்புறம் ரொட்டி சுடற வாசனை. சுமார் 200 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் உள்ள அடைபட்ட ஆவி கொட்டையை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். படக் படக்னு சோளப்பொரி மாதிரி சத்தம் கேக்கும். இது முதல் வெடிப்பு. இது அடங்கறப்பவே இறக்கிட்டா லைட் ரோஸ்ட். இன்னும் கொஞ்சம் விட்டு 210-220 பக்கம் இறக்கினா மீடியம். 225-ஐ நெருங்கினா ரெண்டாவது வெடிப்பு. இது சன்னமா, சடசடன்னு, சுள்ளி எரியற மாதிரி கேக்கும். அதோட வாசல்ல நின்னு இறக்கினா மீடியம் டார்க். உள்ள புகுந்துட்டா டார்க், கொட்டை மேல எண்ணெய் கசிஞ்சு மினுமினுக்கும். அதுக்கும் மேல போனா அடுப்புக்கரி.

(டிகிரிக் கணக்கு மெஷினுக்கு மெஷின் அஞ்சு பத்து முன்ன பின்ன இருக்கும். சத்தத்தை நம்பினா போதும்.)

முதல் வெடிப்புக்கும் ரெண்டாவது வெடிப்புக்கும் நடுவுல சாதாரணமா சில நிமிஷம்தான் இடைவெளி. நீங்க குடிக்கப் போற காபியோட ஜாதகம் அந்த சில நிமிஷத்துல எழுதப்படுது. லைட்ல புளிப்பும் பழ வாசனையும் நிக்கும், கொட்டை எந்த மலையில விளைஞ்சதுன்னு நாக்கு கண்டுபிடிக்கலாம். மீடியத்துல புளிப்பு அடங்கி வெல்லப்பாகு, வறுத்த கடலை வாசனையெல்லாம் வரும். டார்க்ல விளைஞ்ச ஊர் போய், வறுத்த சட்டியோட குணம் மட்டும் நிக்கும்.

கசப்புலயும் ரெண்டு ரகம் உண்டு. காபியில க்ளோரோஜெனிக் அமிலம்னு ஒண்ணு தாராளமா இருக்கு. மிதமா வறுத்தா அது லாக்டோன்களா மாறி ஒரு இதமான கசப்பைக் குடுக்கும். நல்ல ஃபில்டர் காபி குடிச்சு முடிச்ச அப்புறம் நாக்குல தங்குமே, அந்தக் கசப்பு. விடாம வறுத்தா அந்த லாக்டோன் உடைஞ்சு ஃபெனில் இண்டேன்களா மாறும். அது தொண்டையில ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேன்னு அடம் பிடிக்கற முரட்டுக் கசப்பு. நம்மாளு இந்த ரெண்டாவதைக் குடிச்சு மூஞ்சியைச் சுளிச்சுட்டு, "ஸ்ட்ராங்கா இருக்குப்பா"ன்னு சர்டிஃபிகேட் குடுக்கறார். கூடவே ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக்கறார்.

கஃபீன் இந்த ஆட்டத்துலயே இல்ல. வறுக்கறதால அது பெருசா கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல. "டார்க் ரோஸ்ட் குடிச்சாத்தான் தூக்கம் போகும்"னு சொல்ற டீம் லீடுகளும், "இல்ல இல்ல, லைட்லதான் கஃபீன் ஜாஸ்தி"ன்னு சொல்ற டீம் லீடுகளும் ஒரே பெஞ்சுல உக்காரலாம்.

எங்க ஊர் காவாந்தண்டலம். உத்திரமேரூர் பக்கம், செய்யாத்தங்கரை. நெல்லு விளையும், கரும்பு விளையும், வேர்க்கடலை விளையும். காபிச் செடியைப் பாக்கணும்னா ஏற்காட்டுக்கோ நீலகிரிக்கோ பஸ் ஏறணும். ஆயா காலத்துல காபிங்கறதே ஊர்ல சில வீட்டு சமாச்சாரம்தானாம். இன்னிக்கும் டீக்கடையில காபி கேட்டா சாஷே கிழிபடற சத்தம்தான் கேக்கும். அப்புறம் நீ எதுக்குடா ரோஸ்ட் லெவல் பேசறேன்னு கேக்கறீங்களா? அங்கதான் எனக்கு வயித்தெரிச்சலே.

வறுவல் பதம் தெரியாத ஊரா எங்க ஊரு? எங்க ஆயா வேர்க்கடலையை மணல்ல போட்டு வறுக்கும். கண்ணால பாக்காது. சத்தம் கேக்கும், ஒண்ணை எடுத்து நசுக்கும், மோந்து பாக்கும், "இன்னும் பச்சை வாடை போவல"ன்னு சொல்லும். எள்ளு பொரியற சத்தம் நிக்கறதுக்கு முன்னாடி சட்டியை இறக்கிடும். ரவையை வாசம் வர்ற வரைக்கும், உளுந்தைப் பொன்னிறமா, மல்லியைச் சிவக்க. வெந்தயத்துல மட்டும் மகா கண்டிப்பு. சிவக்கணும், கறுக்கக் கூடாது. கறுத்துதுன்னா மொத்தக் குழம்பும் போச்சு, அன்னிக்கு அத்தைக்கு அர்ச்சனை நிச்சயம். வெந்தயம் கருகின வத்தக்குழம்பை யாராவது "ஆஹா, ஸ்ட்ராங்கா இருக்கு"ன்னு சப்புக் கொட்டினா அந்த ஆளை வீட்டுல என்ன பண்ணுவாங்க?

தமிழ்ல இதுக்கு வார்த்தை இல்லாமலா போச்சு? இளவறுப்பு, பொன்முறுவல், சிவக்க வறுக்கறது, கறுக்க வறுக்கறதுன்னு சமையல் குறிப்பு எழுதற எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கிடைக்கும். உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் இத்தனை பதம் பாக்கற நாம, அதை விட எத்தனையோ மடங்கு விலை குடுத்து வாங்கற காபிக் கொட்டைக்கு மட்டும் "நல்ல வறுவல்தான் தம்பி"யை ஒத்துக்கறோம். இதுல ஏதோ நுண்ணரசியல் இருக்குன்னு நான் சந்தேகப்படறேன். நான் சந்தேகப்படாம வேற யாரு படுவா?

இப்ப உள்குத்துக்கு வருவோம். வறுவலைச் சொல்லாம விடறதுல யாருக்கு லாபம்?

கறுக்க வறுத்தா கடைக்காரருக்கு எடை நஷ்டம்தானே, அப்புறம் ஏன் அப்படிச் செய்யப் போறார்னு ஒரு நியாயமான கேள்வி வரும். உண்மைதான். ஒரு கிலோ பச்சைக் கொட்டை மிதமா வறுத்தா தோராயமா 850 கிராம் தேறும். நல்லா கறுத்துட்டா 800, அதுக்கும் கீழ. ஆனா கணக்கு அங்க முடியல. காபியில பி.பி.பி.-ன்னு ஒரு தரம் உண்டு. ப்ளாக், ப்ரவுன், பிட்ஸ். கறுத்துப் போன கொட்டை, பழுப்படிச்ச கொட்டை, உடைஞ்ச துண்டு. தரம் பிரிச்ச அப்புறம் கடைசியில மிஞ்சறது, விலையும் மட்டம். அதை மிதமா வறுத்தா முதல் வாய்லயே குட்டு வெளிப்படும். கறுக்க வறுத்துட்டா சிக்மகளூர் பிளான்டேஷனும் ஒண்ணுதான், குப்பைக் கொட்டையும் ஒண்ணுதான், எல்லாம் கரி ருசி. மேல முப்பது சதவீதம் சிக்கரியைத் தூவிட்டா சாட்சிக்கூண்டுல ஏறிச் சொல்ல ஆளே இருக்காது. எல்லாக் கடையும் இப்படிப் பண்ணுதுன்னு சொல்லல. பண்ணினாலும் நமக்குத் தெரியாதுன்னு சொல்றேன். கடுப்பு அதுலதான்.

விலை இறங்கிக் கிடந்தா இதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். ஆனா பிரேசில், வியட்நாம்ல விளைச்சல் அடிபட்டு 2025 பிப்ரவரியில நியூயார்க் சந்தையில அராபிகா விலை பவுண்டு நாலு டாலரைத் தாண்டிச்சு. அதுக்கு முன்னாடி அந்த உயரத்தை அது பாத்ததே இல்ல. அந்தச் சூடு நம்ம ஊர் காபித்தூள் கடைப் பலகை வரைக்கும் வந்துச்சு. விலை ஏறினா வீட்டுல என்ன நடக்கும்? எண்பது இருபது வாங்கினவங்க எழுபது முப்பதுக்கு இறங்குவாங்க, எழுபது முப்பது அறுபது நாப்பதாகும். கலர் அப்படியே இருக்கும், கசப்பும் அப்படியே இருக்கும், "ஸ்ட்ராங்"கும் குறையாது. காபி மட்டும் டம்ளர்ல இருந்து சத்தம் போடாம எந்திரிச்சுப் போயிட்டே இருக்கும்.

சட்டம் இருக்கே? இருக்கு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி-சிக்கரி கலவையில காபி எடையில 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம்னு பாக்கெட் மேல அச்சடிக்கணும். அதாவது அரைக்கிலோ பாக்கெட்ல 245 கிராம் சிக்கரி இருந்தாலும் சட்டப்படி அது ஓகே. சரி, அதையாவது பொடி எழுத்துல போடறாங்க. அந்த வரிக்குப் பக்கத்துல "வறுவல்: மிதம்", "வறுத்த தேதி: இன்னது"ன்னு ரெண்டு வார்த்தை சேக்க எவ்வளவு மை செலவாகும்?

எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல உத்திரமேரூர்ல, சுமார் 920-ஆம் வருஷம், முதலாம் பராந்தகன் காலத்துல, ஊர் வாரியத்துக்கு யார் நிக்கலாம் யார் நிக்கக் கூடாதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. வயசு 35-க்கு மேல 70-க்குள்ள இருக்கணும், வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல வேணும், சொந்த மனையில வீடு வேணும், ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவன் சொந்தக்காரனும் வரக் கூடாது. அத்தனை விவரத்தையும் உளி புடிச்சு கருங்கல்லுல அடிச்சிருக்கான். இங்க பிளாஸ்டிக் கவர்ல ஒரு வரி பிரிண்ட் பண்ண வலிக்குது.

சிக்கரி மேல எனக்குச் சொந்தப் பகை கிடையாது, சிக்கரி ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேணாம். அது ஒரு செடியோட வேர், நம்ம நாட்டுல குஜராத் பக்கம் நல்லா விளையுது. வறுத்து அரைச்சா தண்ணியில பாதிக்கும் மேல கரைஞ்சுடும். காபித்தூள்ல எவ்வளவு முட்டி மோதினாலும் கரையறது மொத்தமே முப்பது சதவீதம் பக்கம்தான். அதனாலதான் சிக்கரி போட்ட டிகாக்ஷன் கெட்டியா, கருகருன்னு இறங்குது. அந்தக் கெட்டி உங்களுக்குப் பிடிக்கும்னா தாராளமா பத்து, இருபது போட்டுக்கோங்க. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்காரங்களும் அப்படித்தான் குடிக்கறாங்க. ஆனா சிக்கரியில கஃபீன் சுத்தமா கிடையாது. ஆக, சிக்கரி கூடக் கூட காபி "ஸ்ட்ராங்" ஆகுதுன்னு நினைக்கறது, சாம்பார்ல பருப்பைக் குறைச்சு அரிசி மாவைக் கரைச்சு விட்டுட்டு, "எப்படிக் கெட்டியா இருக்கு பாத்தியா"ன்னு பெருமைப்படற மாதிரி.

இதுவரைக்கும் கை தட்டிட்டு இருந்த அடுத்த கோஷ்டிக்கு இப்ப திரும்பறேன். பெங்களூர், சென்னைன்னு புதுசா ஒரு காபி ஞானிகள் சபை இருக்கு. பெரும்பாலும் நம்ம தொழில்காரங்க. டேபிள் மேல எடை மெஷின், வாத்து மூக்கு கெட்டில், ஸ்டாப்வாட்ச். இவங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் உண்டு, ஒத்துக்கறேன். இவங்க வாங்கற பாக்கெட்ல எஸ்டேட் பேர், உயரம், வறுவல், வறுத்த தேதி எல்லாம் இருக்கும். நான் மேல கேட்டது எல்லாமே அதுல இருக்கு. ஆனா வாய் சும்மா இருக்காது. "ஃபில்டர் காபியா? அது கருக்கின கொட்டை ப்ரோ. லைட் ரோஸ்ட் குடிச்சாத்தான் அது காபி. எலுமிச்சைப்பூ வாசனை வருது பாருங்க"ம்பாங்க.

வரட்டும் ப்ரோ. ஆனா அந்த லைட் ரோஸ்ட்டைக் கொண்டு வந்து எங்க வீட்டுப் பித்தளை ஃபில்டர்ல போட்டு, காய்ச்சின எருமைப்பால் ஊத்திக் குடிச்சுப் பாருங்க. லைட்டா வறுத்த கொட்டை கெட்டியா இருக்கும், அதுக்குள்ள இருக்கறது சுலபத்துல கரைஞ்சு வெளிய வராது. நம்ம ஃபில்டர்ல தண்ணியை ஒரு தடவை ஊத்தி மூடிட்டுப் போயிடறோம், அது ஆறிக்கிட்டே சொட்டுது. அதுல கரைஞ்சு இறங்கறது முக்கால்வாசி புளிப்புதான். பழ வாசனையெல்லாம் பாலோட கொழுப்புலயும் சர்க்கரையிலயும் அமுங்கிப் போயிடும். கடைசியில மிஞ்சறது திரியப் போற பால் மாதிரி ஒரு வஸ்து. ஆயிரக்கணக்குல விலை குடுத்து அதுதான் வேணுமா?

உலகமே லைட்டுக்கு மாறிடுச்சுங்கறதும் கப்சா. நார்வே, ஸ்வீடன் பக்கம் லைட்டா வறுத்து பால் இல்லாம குடிக்கறாங்க. இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கம் போனா நல்லா கறுக்க வறுத்து, எஸ்பிரஸ்ஸோவா ரெண்டு மடக்கு, சர்க்கரை போட்டு. அவங்க குடிக்கற விதத்துக்கு அவங்க வறுவல். நாம டிகாக்ஷனும் பாலும் கலந்து குடிக்கற ஜனம், நம்ம வறுவலை நார்வேக்காரன் எதுக்கு முடிவு பண்ணணும்?

சரிடா, அப்ப எதைத்தான் வாங்கறதுன்னு கேக்கறீங்க. என் கட்சி இதுதான்.

ஃபில்டர்ல போட்டு பாலோட டம்ளர்ல குடிக்கறவங்க, மீடியத்துக்கு ஒரு படி மேல, ரெண்டாவது வெடிப்போட வாசல்ல நிறுத்தின வறுவல் வாங்குங்க. பாலுக்கு அடங்காத அளவு தாட்டியம் இருக்கும், கரி இருக்காது. கொட்டையாப் பாத்தா நல்ல பழுப்பு, மேல எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. புதுசா வறுத்த கொட்டை மினுமினுன்னு எண்ணெய் தடவின மாதிரி இருந்தா எல்லை தாண்டியாச்சுன்னு அர்த்தம். "எவ்ளோ ஃப்ரெஷ் பாருங்க, எண்ணெய் வடியுது"ன்னு கடையில சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. சிக்கரி முதல்ல பூஜ்யத்துல ஆரம்பிங்க, டிகாக்ஷன் நீர்த்துப் போச்சுன்னா தூளைக் கொஞ்சம் நைஸா அரைக்கச் சொல்லுங்க, இல்ல அரை ஸ்பூன் கூடப் போட்டு அழுத்துங்க. அப்பவும் மனசு கேக்கலைன்னா பத்து சதவீதம் சேத்துக்கலாம்.

பால் இல்லாம குடிக்கறவங்களுக்கு மீடியம், இல்ல அதுக்குக் கொஞ்சம் கீழ. பால் இல்லாம டார்க் குடிக்கறது அவங்கவங்க பூர்வஜென்ம பலன். லைட் வேணும்னா நல்லா கொதிக்கற தண்ணி, பேப்பர் ஃபில்டர், பொறுமை மூணும் வேணும். மூணாவது என்கிட்ட இல்ல.

நம்பிக்கை இல்லைன்னா சோதனை ரொம்ப சல்லிசு. ஒரே கொட்டையில, மிதமா வறுத்தது 100 கிராம், கறுக்க வறுத்தது 100 கிராம், சிக்கரி இல்லாம வாங்குங்க. ரெண்டு ஃபில்டர், இல்லைன்னா ரெண்டு நாள். ஒரே அளவு தூள், ஒரே அளவு தண்ணி. முதல்ல டிகாக்ஷனை மட்டும் ஒரு ஸ்பூன் நாக்குல விடுங்க, அப்புறம் பாலோட. ஒரு நேரத்துல ஒரு வேரியபிளை மட்டும்தான் மாத்தணும்னு நாலு வருஷம் காலேஜ்ல சொல்லிக் குடுத்தது எனக்கு உருப்படியா உதவினது இந்த ஒரு இடத்துலதான். சர்க்கரை எதுல கம்மியாத் தேவைப்படுதுன்னு மட்டும் கவனிங்க. எங்க வீட்டுல அம்மா மிதமான வறுவலுக்கு மாறின அப்புறம் ஒன்றரை ஸ்பூன் முக்காலா குறைஞ்சது. சுகர் வந்ததுல இருந்து டாக்டர் சொல்லிக் கேக்காததை வறுவல் சொல்லிக் கேட்டாங்க.

இப்ப பின்னூட்டத்துல வரப்போற முதல் குண்டு எனக்கு இப்பவே தெரியும். "எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் பாத்தாங்களா? மெட்ராஸ் காபின்னு உலகமே கொண்டாடலையா?" அய்யா, உங்க தாத்தா வீட்டுல பாத்தாங்க. பச்சைக் கொட்டை வாங்கி, வீட்டுலயே வறுத்து, கையில சுத்தற மெஷின்ல அன்னன்னைக்கு அரைச்ச வீடுகள் இருந்துச்சு. வறுக்கறவங்களுக்குப் பதம் தெரிஞ்சிருந்தது, தீயைக் குறைக்கத் தெரிஞ்சிருந்தது, என்னிக்கு வறுத்தோம்னு தெரிஞ்சிருந்தது. வேலை மிச்சம்னு வறுவலைக் கடைக்கு விட்டோம், அப்புறம் அரைக்கறதையும் விட்டோம், கூடவே கேள்வி கேக்கறதையும் விட்டுட்டோம். மெட்ராஸ் காபியைப் பழம்பெருமையாப் பேசறவங்க அந்தப் பெருமையில பாதி வீட்டு வறுவல் சட்டியில இருந்துச்சுங்கறதை சவுகரியமா மறந்துடறாங்க. தமிழனும் காபியும் சேந்த கதையே ரொம்பப் பழசு இல்லைங்கறது வேற விஷயம். ஆ.இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை"ன்னு புத்தகத் தலைப்பே வச்சிருக்கார்.

ரெண்டாவது குண்டு: "ஏழைங்க குடிக்கறதுல எதுக்குடா உன் ரசனையைத் திணிக்கற?" இதுக்கு மட்டும் நிஜமாவே கோவம் வருது. எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து கால் கிலோ காபித்தூள் வாங்கற அக்காவும் அதே கொட்டை விலையைத்தான் குடுக்குது. அது குடுக்கற காசுக்கு உள்ள என்ன இருக்கு, எப்படி வறுத்ததுன்னு தெரிஞ்சுக்கறது எப்படிய்யா பணக்கார ரசனையாகும்? அரிசி வாங்கும்போது அந்த அக்கா கையில அள்ளி, ஊதி, கடிச்சு, பழசா புதுசான்னு கேட்டு கடைக்காரரை உண்டு இல்லைன்னு பண்ணுது. காபித்தூள்ல மட்டும் அதுக்கு அந்த வாய்ப்பே குடுக்காம வச்சிருக்கோம்.

கடைசியா ஒரு வேலை சொல்றேன். அடுத்த தடவை காபித்தூள் வாங்கப் போனா சிக்கரி சதவீதத்தைச் சொல்றதுக்கு முன்னாடி, "வறுவல் என்ன பதம்? என்னிக்கு வறுத்தது?"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. கிடைச்ச பதிலை அப்படியே பின்னூட்டத்துல போடுங்க. சிறந்த பதிலுக்கு என் செலவுல 100 கிராம் தூள். "ஸ்ட்ராங்கா இருக்கும்"ங்கற பதில் போட்டியில சேராது, அது ஏற்கெனவே எனக்குக் கிடைச்சாச்சு.

டிஸ்கி 1: கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி ஊத்தி, மேல ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்க. காபி மிதக்கும். சிக்கரி சில நொடியில பழுப்புக் கோடு இழுத்துக்கிட்டே கீழ இறங்கும். வீட்டுல இருக்கற தூள்ல இப்பவே பாக்கலாம். பாத்துட்டு வீட்டுல சண்டை வந்தா கம்பெனி பொறுப்பல்ல.

டிஸ்கி 2: ஹைவே முழுக்க பித்தளை டம்ளர் படம் போட்டு "கும்பகோணம் டிகிரி காபி" போர்டு வச்சிருக்காங்களே, அந்த டிகிரி என்னன்னு கேட்டா பாலோட தரத்தை அளக்கற டிகிரிம்பாங்க, முதல் டிகாக்ஷன்ம்பாங்க, சிக்கரிதான் திரிஞ்சு டிகிரியாச்சும்பாங்க. மூணு கதையிலயும் வறுவல் இல்லைங்கறதை கவனிச்சீங்களா?